மழை பெஞ்சா மச்சு நாறுதா? பினாயில் ஊத்தாதீங்க... பலகைதான் வீணாகும்!

அழகர்கோவில்:

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பழைய மச்சு வீடுகளில் ஒரு தலைவலி ஆரம்பமாகிவிடும். கோடை முழுக்க ஒன்றும் தெரியாது. நாலு தூறல் விழுந்ததும் மாடிப் பலகையில் இருந்து ‘குப்’பென்று ஒரு வாடை கிளம்பும். வீட்டுக்கு வந்த சம்பந்திக்காரர் மூக்கைச் சுளிப்பார். வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

எல்லாம் பூனை செய்த வேலைதான். சில வீடுகளில் நாய்.

உடனே என்ன நடக்கும்? ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். பினாயில் தெளிப்பார்கள். அன்று சாயங்காலம் வாடை அடங்கினதுபோல இருக்கும். மறுபடி ஒரு மழை வந்தால் முன்னைவிட அதிகமாக நாறும். கடைசியில் “பலகையைப் பேர்த்துப் போட்டுட்டு கான்கிரீட் போட்ரலாம்” என்று பேச்சு வரும். இல்லாவிட்டால் பூனையைச் சாக்கில் கட்டி எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

இரண்டுமே தேவை இல்லை. மூத்திரம் ஊறிய பலகையில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடியும். ஆனால் தண்ணீரும் பினாயிலும் ஊற்றிக் காப்பாற்ற முடியாது.

மச்சு வீடு தெரியுமா?

கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் குளிருக்காக தரையிலேயே பலகை போட்ட பழைய பங்களாக்கள் உண்டு. மதுரை, மேலூர், அழகர்கோவில் பக்கம் வெயில் ஊர். இங்கே கீழ்த்தரையில் பலகை போட வேண்டிய அவசியம் இல்லை. இங்கே மரப்பலகை இருப்பது மச்சில்தான்.

சுவருக்குச் சுவர் உத்திரம். அதன் மேல் குறுக்குக் கட்டைகள். கட்டை மேல் பலகை. சில வீடுகளில் பலகையை அப்படியே விட்டிருப்பார்கள். சில வீடுகளில் பலகைக்கு மேல் மண்ணோ சுண்ணாம்புக் காரையோ கொட்டி மட்டம் செய்திருப்பார்கள். பணக்கார வீடு என்றால் பர்மா தேக்கு. மற்ற வீடுகளில் வேங்கை, வேம்பு, மா, பலா என்று கைக்குக் கிடைத்த மரம்.

மச்சில் நெல் மூட்டை இருக்கும். நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும். பூனை இருந்தால் மூத்திரம் இருக்கும். இது தாத்தா காலத்து கணக்கு. நெல் மூட்டை போனாலும் பூனை போகவில்லை. இப்போது அதே மச்சில் பாய் விரித்து பிள்ளைகள் படுக்கிறார்கள், பாடம் படிக்கிறார்கள். அதனால்தான் இது வெறும் வாடைப் பிரச்சினை அல்ல.

மழைக்கு மட்டும் ஏன் நாறுது?

மரம் பார்க்க கெட்டியாக இருக்கும். உள்ளே முழுக்க நுண்ணிய குழல்கள். ஒரு காலத்தில் வேரில் இருந்து தண்ணீர் ஏறிய பாதை அது. பலகையின் மேற்பரப்பு ஓரளவுக்குத்தான் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் பலகையின் வெட்டுமுனை, ஆணித்துளை, இரண்டு பலகைக்கு நடுவே உள்ள சந்து ஆகியவை வழியாக மூத்திரம் சர்ரென்று உள்ளே இறங்கிவிடும்.

மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. வயலுக்குப் போடும் அதே யூரியாதான். பாக்டீரியா அதைத் தின்று அம்மோனியாவாக மாற்றும். கண்ணைக் கரிக்கும் அந்தக் காரமான வாடை அம்மோனியா.

பூனைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதன் மூத்திரத்தில் ‘ஃபெலினின்’ என்ற கந்தகம் கலந்த பொருள் இருக்கிறது. புதுசாக இருக்கும்போது அதற்கு வாடையே கிடையாது. நாள் ஆக ஆக உடைந்து, மூக்கைத் துளைக்கும் நாற்றமாக மாறும். காயடிக்காத கடுவன் பூனையிடம் இது மிக அதிகம். பூனையின் மூத்திரத்தில் உள்ள ‘காக்சின்’ என்ற புரதம்தான் இந்த ஃபெலினினை உண்டாக்க உதவுகிறது என்று ஜப்பான் விஞ்ஞானிகள் 2006-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கடுவனுக்கு அது விலாசம். ‘இது என் ஏரியா’ என்று எழுதி ஒட்டுகிற போஸ்டர்.

பூனையின் மூதாதை பாலைவனப் பக்கத்து காட்டுப்பூனை. தண்ணீரை வீணாக்காமல், மூத்திரத்தைச் சுண்டக் காய்ச்சின கஷாயம் மாதிரி வெளியே விடும். நாட்டு மாடு வாளி வாளியாக விட்டாலும் தொழுவத்தில் பூனை வாடை வராததற்கு இது ஒரு காரணம்.

இந்த உப்புகள் காய்ந்து மரத்துக்குள் உட்கார்ந்துவிடும். வெயில் காலத்தில் சும்மா கிடக்கும். மழைக்காலத்தில் காற்றில் உள்ள ஈரத்தை மரமும் இழுக்கும், உப்பும் இழுக்கும். உப்பு டப்பா மழைக்குக் கசிவதில்லையா, அதே கதை. ஈரம் ஏறினதும் பாக்டீரியாவுக்கு மறுபடி உயிர் வரும். வாடை கிளம்பும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தப் பலகையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? மேலே இருந்த உப்பு கரைந்து இன்னும் ஆழமாக இறங்கும். பக்கத்துப் பலகைக்குப் பரவும். சந்து வழியாக கீழே உள்ள குறுக்குக் கட்டைக்கும் போய்ச் சேரும். வாடை குறையவில்லை, இடம் பெரிதாகிவிட்டது.

பினாயில் ஏன் ஆகாது?

பினாயில் வாடையை அழிப்பதில்லை. அதைவிடப் பெரிய வாடையை மேலே போட்டு மூடுகிறது. சாம்பிராணியும் கற்பூரமும் அப்படித்தான். புகை அடங்கினதும் பழைய குருடி கதவைத் திறடி!

இன்னொன்றும் இருக்கிறது. பினாயில் வகைகளில் உள்ள பீனால் சரக்கை பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பினாயில் பட்ட தரையில் நடந்து, காலை நக்கினால் விஷமாகும். ஆசையாக வளர்க்கிற பூனை வாயில் நுரை தள்ளி சுருண்டு விழுந்தால் ‘யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்’ என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

உஷார்... உயிருக்கே ஆபத்து!

பினாயில் சரிப்படவில்லை என்றால் சிலர் பிளீச்சிங் பவுடரைக் கொண்டு வருவார்கள். இங்குதான் கவனம் தேவை.

பிளீச்சிங் பவுடரும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோராமின் என்ற நச்சு வாயு வரும். மூத்திரம் ஊறிய பலகையில் அம்மோனியா ஏற்கனவே இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போதவில்லை என்று டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் அதன் மேல் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915-ல் ஜெர்மனி படைகள் பெல்ஜியத்தில் எதிரிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான்.

மச்சு தாழ்வாக இருக்கும். ஜன்னல் சின்னதாக இருக்கும், சில வீடுகளில் அதுவும் கிடையாது. குனிந்து தேய்த்துக்கொண்டு இருப்பவர் வாயுவை நேராக நெஞ்சுக்குள் இழுப்பார். கண் எரிந்து, இருமல் வந்து, மூச்சு அடைத்தால் ஒரு நிமிடம்கூட அங்கே நிற்கக் கூடாது. வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிட்டு 108-க்கு போன் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

கறுப்புக் கறை எங்கே இருந்து வந்தது?

மூத்திரம் பட்ட இடத்தில் பலகை கறுத்துப் போயிருக்கும். ஆணியைச் சுற்றி வட்டமாக மை கொட்டினது மாதிரி இருக்கும். ‘பலகை அழுகிப்போச்சு’ என்று பலர் முடிவு கட்டிவிடுவது இதைப் பார்த்துத்தான். பல நேரம் அது அழுகல் அல்ல, நிஜமாகவே மைதான்!

முன்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பல மரங்களில் அதே துவர்ப்புச் சத்து இருக்கிறது. ஆணியில் இரும்பு இருக்கிறது. நடுவில் மூத்திரம் வந்து ஈரத்தைக் கொடுத்து இரண்டையும் சேர்த்து வைக்கிறது. ஆணி இல்லாத இடத்திலும் அம்மோனியா பட்டால் துவர்ப்புள்ள மரம் கருக்கும். மேலைநாடுகளில் ஓக் மர மேஜை நாற்காலிகளை வேண்டுமென்றே அம்மோனியா ஆவியில் வைத்து கறுப்பாக்கி விற்றார்கள். அங்கே அது பேஷன், இங்கே நம் வீட்டில் கறை.

அழகர்கோவில்காரர்களுக்கு தண்ணீர் விஷயம் புதிது அல்ல. அழகர் உற்சவருக்கு நூபுர கங்கை தீர்த்தத்தில் மட்டும்தான் அபிஷேகம், வேறு தண்ணீர் பட்டால் மேனி கறுத்துவிடும் என்பது ஐதீகம். மச்சுப் பலகைக்கும் எந்தத் தண்ணீர் படுகிறது என்பது முக்கியம்தான். செங்காவி படியும் இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரால் துவர்ப்புள்ள பலகையைக் கழுவினால் ஆணியே இல்லாமலும் கறுக்கும்.

எது அழுகல், எது வெறும் கறை என்று கண்டுபிடிக்க ஒரு குத்தூசியோ பழைய திருப்புளியோ போதும். கறுத்த இடத்தில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ‘டக்’கென்று நின்றால் மரம் கெட்டி. வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கினால் அழுகல். பலகையை மட்டும் குத்திப் பார்த்துவிட்டு வரக் கூடாது. குறுக்குக் கட்டையும் உத்திரமும் சுவருக்குள் போகிற முனையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஈரம் தங்குவதும், கரையான் ஏறுவதும், உளுப்பதும் பெரும்பாலும் அங்கேதான். உத்திர முனை மெத்தென்று இருந்தால் வாடையை மறந்துவிட்டு முதலில் ஆட்களைக் கீழே இறக்க வேண்டும். அது ஆசாரி பார்க்க வேண்டிய வேலை.

குற்றவாளி யார்?

மருந்து போடும் முன் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பழி எப்போதும் வீட்டுப் பூனை மேல்தான் விழும். அழகர்மலை அடிவாரத்துப் பக்கம் வீடு என்றால் மரநாயாகவும் இருக்கலாம். ராத்திரி ஓட்டுச் சந்து வழியாக வந்து மச்சில் தங்கும். பழக்கொட்டையோடு எச்சம் கிடந்தால் அதுதான். வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி அது. அடித்துக் கொன்றால் வழக்கு வரும். அது வெளியே போயிருக்கும் நேரத்தில், உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு சந்தை அடைத்தால் போதும். பிடிக்க வேண்டிய நிலை வந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வௌவால் தங்கினாலும் இதே மாதிரி வாடை அடிக்கும். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை மச்சுக்கு ஏறும் படிக்குக் கீழே கட்டியிருந்தால் அந்த மொச்சை வாடை தனி ரகம். பருவத்துக்கு வந்த கிடாய் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே அடித்துக்கொள்ளும்.

வாடை எந்தப் பலகையில் என்று மூக்கை வைத்து மோப்பம் பிடிக்க வேண்டாம். கள்ளநோட்டு பார்க்கும் நீல லைட் கடைகளில் இருக்கும். டார்ச் வடிவத்திலும் கிடைக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அந்த லைட்டை அடித்தால் காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையில் மினுங்கும். சோப்புத்தூள் சிந்திய இடமும் மினுங்கும், ஆனால் அது வெளிர் நீலமாக, பளிச்சென்று தெரியும். மினுங்கும் இடத்தை சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால் மறுநாள் வேலை சுலபம். இப்படிப் பார்த்தால் மச்சு முழுக்க நாறுவதாக நினைத்த வீட்டில் ரெண்டு மூலையும் ஒரு தூணடியும் மட்டும்தான் என்று தெரியவரும்.

காப்பாற்றுவது எப்படி?

புது மூத்திரம் என்றால் பாதி கவலை இல்லை. பழைய வேட்டித்துணியை மடித்து வைத்து அழுத்தி உறிஞ்ச வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். வினிகரின் புளிப்பு அம்மோனியாவைக் கொன்றுவிடும்.

பழைய கறைக்கு இது போதாது. நாய், பூனை தீனி விற்கும் கடைகளில் ‘என்சைம் கிளீனர்’ என்று கேட்டால் கிடைக்கும். நாற்றத்தைக் கிளப்பும் சரக்கை உடைத்துத் தின்கிற நொதியும் நல்ல பாக்டீரியாவும் அதில் இருக்கின்றன. இதைப் போடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலாக தெளித்துவிட்டு உடனே துடைத்தால் காசு தண்டம். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். கோடு போட்ட இடத்தில் மட்டும் ஊற வைத்து, ஈரத்துணி போட்டு, அதற்கு மேல் பாலிதீன் தாள் மூடி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். காய்ந்துவிட்டால் நொதி வேலை செய்யாது. ஏற்கனவே பினாயில் ஊற்றிய பலகை என்றால் முதலில் ஈரத்துணியால் ரெண்டு மூன்று தடவை துடைத்து பினாயிலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்ட பாக்டீரியாவோடு நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும்.

எலுமிச்சைத் தோல், வெல்லம் போட்டு மூன்று மாதம் ஊற வைத்து வீட்டிலேயே ‘என்சைம்’ செய்கிறார்களே, அது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் புளிப்பால் அம்மோனியா வாடை கொஞ்ச நாள் அடங்கும். ஃபெலினினை அது ஒன்றும் செய்யாது. மீதி இருக்கும் இனிப்புக்கு எறும்பு வரும்.

ஒரு தடவையில் போகாது. காயவிட்டு, முகர்ந்து பார்த்து, மறுபடி போட வேண்டி வரும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

அதற்கும் மசியாத இடத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் புண் கழுவ விற்பதுதான். நம் ஊரில் பொதுவாக 6 சதவீதம் உள்ளது கிடைக்கும், அதில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். கையுறை போட்டுக்கொண்டு, கறை பட்ட இடத்தில் மட்டும் துணியை நனைத்துப் போட்டு சில மணி நேரம் விடலாம். வாடையும் குறையும், கறையும் வெளிறும். பலகையும் சேர்ந்து வெளிறும் என்பதால் கண்ணில் படாத மூலையில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். வினிகரையும் பெராக்சைடையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கலந்தால் தோலையும் கண்ணையும் அரிக்கும் அமிலம் உருவாகும். ஆணியைச் சுற்றி உள்ள மைக்கறைக்கு பாலிஷ்காரர்கள் ஆக்சாலிக் ஆசிட் போடுவார்கள். நன்றாகவே போகும். ஆனால் அது விஷம், பார்க்க சர்க்கரை மாதிரி இருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாங்கி வைக்க வேண்டாம், வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

பலகைக்கு மேல் மண்ணோ காரையோ கொட்டியிருந்தால் எந்த மருந்தும் செல்லாது. ஊறிய மண்ணைக் கழுவ முடியாது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அடியில் உள்ள பலகையைப் பார்த்துவிட்டு, புது மண்ணோ காரையோ போடுவதுதான் வழி.

உப்புத்தாளுக்கு முன் ஒரு வார்த்தை!

மருந்து போட்ட பலகை நன்றாகக் காய வேண்டும். ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து ரெண்டு மூன்று வாரம் விடலாம். அதனால்தான் இந்த வேலைக்கு தை, மாசி நல்ல காலம். மழை சீசனில் ஆரம்பித்தால் காயாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக பூஞ்சை வந்து அழுகாது என்பது கணக்கு.

காய்ந்த பிறகு ஆசாரி இழைப்புளியால் ஒரு நூல் அளவு இழைத்து உப்புத்தாள் போட்டாலே பல பலகைகள் புதுசாகிவிடும். பழைய பலகை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் கனமாக இருக்கும். அதில் ஒரு நூல் போனால் ஒன்றும் குறையாது. ஆனால் பலகையில் பழைய பெயிண்ட் இருந்தால் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசம் போட்டு, அன்றைக்கு பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

கடைசி வேலை, அடைப்பது. மிச்சம் மீதி இருக்கும் வாடை வெளியே வராமல் இருக்க அரக்கு பூச வேண்டும். பாலிஷ் சாமான் கடையில் ‘ஷெல்லாக்’ என்பார்கள். மரத்தில் வாழும் ஒரு சின்ன பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகத்துக்கே இந்தியாதான் அதிகம் சப்ளை செய்கிறது. ஜார்க்கண்டில் ராஞ்சி பக்கத்து நாம்கும் என்ற ஊரில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பிரிட்டில் கரைத்து ரெண்டு கோட், முக்கியமாக சந்திலும் வெட்டுமுனையிலும் நன்றாகப் பூசினால் வாடைக்கு பூட்டு போட்ட மாதிரி. ஸ்பிரிட் குப்பென்று தீப்பிடிக்கும். அந்த நேரம் பீடி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. வெறும் அரக்கு மேல் மறுபடி பூனை மூத்திரம் விட்டால் அம்மோனியாவுக்குத் தாங்காது. அதனால் மேலே பி.யூ. வார்னிஷ் ஒரு கோட் அடிக்கலாம். மெழுகு நீக்கிய அரக்கு என்றால்தான் வார்னிஷ் ஒட்டும், கடையில் சொல்லி வாங்க வேண்டும்.

பதினெட்டாம்படி கருப்பசாமி சன்னதியில் அந்தப் பெரிய மரக்கதவுக்கே சந்தனம் சாத்தி கும்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு மரத்தின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ‘நாத்தம் பிடிச்ச பலகை, யார் வாங்குவா’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வியாபாரிகள் வரத்தான் செய்வார்கள். பழைய தேக்கும் வேங்கையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் என்ன விலை போகிறது என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுப் பேசினால் பேச்சின் தோரணையே மாறிவிடும். ரெண்டு பலகை மட்டும் அழுகியிருந்தால் ரெண்டு பலகையை மட்டும் மாற்றலாம், மச்சையே இடிக்கத் தேவையில்லை.

பூனையை விரட்டினால்...

பூனை போன மச்சுக்கு எலி வந்து சேரும். எலி மூத்திரம் பூனை மூத்திரம் அளவுக்கு நாறாது, ஆனால் அதைவிடப் பல மடங்கு ஆபத்து. ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ என்ற எலிக்காய்ச்சலைப் பரப்புவது முக்கியமாக அதுதான். நாய் மூத்திரத்தின் வழியாகவும் வரலாம். பூனை மூலம் வருவது அபூர்வம். கை கால் புண் வழியாக கிருமி உள்ளே போகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை என்று போய் சிறுநீரகத்தையும் பாதிக்கும். உலர்ந்த இடத்தில் இந்தக் கிருமி தங்காது, ஈரத்தில்தான் உயிரோடு இருக்கும். மச்சுப் பலகையைக் காயவைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். பழைய பலகையைப் பேர்க்கும் ஆசாரியும் சித்தாளும் கையுறை, செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது. வேலை முடிந்து சில நாளில் காய்ச்சல் வந்தால் ‘எலி இருந்த மச்சில் வேலை செய்தேன்’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையில் குணமாகிவிடும்.

இத்தனை நாள் ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று மச்சில் மூத்திரம் விட ஆரம்பித்தால் அது சேட்டை இல்லை, சீக்காக இருக்கலாம். குறிப்பாக கடுவன் பூனை. அடிக்கடி குந்தி உட்கார்ந்து முக்கும், கத்தும், சொட்டு சொட்டாக வரும், அல்லது வரவே வராது. மூத்திரக் குழாயில் அடைப்பு என்று அர்த்தம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். விளக்குமாற்றைத் தூக்காமல் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். வயசான ராஜபாளையம் நாய் படுத்த இடத்திலேயே விட்டால் அதுவும் அப்படித்தான், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம்.

சுவரிலும் தூணிலும் பின்பக்கத்தைக் காட்டி பீய்ச்சி அடிக்கும் கடுவனுக்கு வேறு வைத்தியம். காயடித்தால் பத்துக்கு ஒன்பது பூனை அந்தப் பழக்கத்தை விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் ஆற்று மணலோ மரத்தூளோ போட்டு மச்சுப் படிக்குக் கீழே வைத்து, தினம் ஒரு தடவை அள்ளிக் கொட்டினால் போதும். பூனைக்கு பலகையைவிட மணல்தான் பிடிக்கும்.